கதிராமங்கலத்துக்கு, வடசேரிப் பக்கத்திலிருந்து



ஒரத்தநாடு வட்டத்தில், வடசேரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கள் தென்னந்தோப்புக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. உங்கள் நெல்வயலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும். நீங்கள் காவிரி பாயும் பழைய டெல்டா. நாங்கள் மேட்டூர் அணை கட்டியபோது வெட்டிய கல்லணைக் கால்வாயை நம்பிப் பிழைக்கிற புது டெல்டா. பெண் கொடுத்து எடுத்த உறவு நமக்குள் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் உங்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

கடன் எப்படி வந்தது என்றால், 2023 ஏப்ரலில் வந்தது. ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு வைத்த சுரங்கப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று தமிழ்நாட்டுப் பெயர்கள் இருந்தன. எங்களுக்கு ஒருவரும் தாக்கீது தரவில்லை. செல்போனில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் ஏலத்துக்குப் போகிறது என்று எங்களுக்கே தெரிந்தது. 4ஆம் தேதி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடில்லாமல் எதிர்த்துப் பேசினார்கள். 8ஆம் தேதி, மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருப்பதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். களத்தில் போட்ட உளுந்து காய்வதற்குள் சுரங்கம் வந்துவிட்டுப் போய்விட்டது.

எங்கள் ஆட்கள் சிலர் இதைத் தங்கள் சாமர்த்தியம் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. நான்கு நாளில் ஒரு சுரங்கம் நிற்கிறது என்றால், அதற்கு முன்னால் யாரோ பல வருஷம் நின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலமைச்சரின் கடிதத்தில் சுட்டிக்காட்ட ஒரு சட்டம் தயாராக இருந்தது: 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதற்குள் வருகின்றன. எந்த அரசும் ஒருநாள் காலையில் எழுந்து, விவசாயி பாவம் என்று இப்படி ஒரு சட்டம் போட்டுவிடாது. போட வைத்த ஊர்களில் உங்கள் ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு.

மற்ற ஊர்களை மறக்கவில்லை. மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் மீத்தேன் எடுக்க 2010இல் ஒப்பந்தம் போட்டார்கள். நிலக்கரிப் படுகையில் இருக்கும் நீரை இறைத்துக்கொட்டினால்தான் அந்த வாயு மேலே வரும். நீரை இறைத்தபின் எங்கள் போர்வெல்லில் என்ன இருக்கும் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டவர் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா. 2013 டிசம்பர் 30 அன்று அவர் உயிர் பிரிந்ததும் எங்கள் பக்கம்தான், பட்டுக்கோட்டைக்கு அருகில் அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்துக்கு நடுவே. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் எழுந்தது. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஆனால் நாங்களும் நெடுவாசலும் எதிர்த்தது இன்னும் வராத ஒன்றை. நீங்கள் எதிர்த்தது வந்து உட்கார்ந்து பல வருஷம் ஆன ஒன்றை. அதற்கு வேறு மாதிரி நெஞ்சுரம் வேண்டும். கிணறு தோண்டி, குழாய் புதைத்து, வேலியும் காவலும் போட்ட பிறகு ஒரு ஊர் வாய் திறந்தால், அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்றுதான் முதல் கேள்வி வரும். அன்றைக்கு யார் யாரிடம் என்ன சொல்லி நிலத்தைக் கேட்டார்கள் என்று திருப்பிக் கேட்க எவருக்கும் பொறுமை இருப்பதில்லை.

நரிமணம், அடியக்கமங்கலம், கமலாபுரம் என்று டெல்டாவில் எண்ணெய்க் கிணற்றோடு குடித்தனம் நடத்துகிற ஊர்கள் வெளியாள் கண்ணுக்குச் சுரங்க ஊர்களாகத் தெரியாது. நெய்வேலி மாதிரி பெரும்பள்ளம் இல்லை, குவார்ட்டர்ஸ் இல்லை, சங்கு ஊதுவதில்லை. நடவு வயலுக்கு நடுவில் மேடாக்கிய ஒரு திடல், சுற்றிலும் வேலி, கனரக லாரி போவதற்கு ஒரு தனிப்பாதை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மண்ணுக்குள். வரப்பும் வாய்க்காலும் மேலே ஒரு கணக்கில் போக, குழாய்கள் கீழே வேறொரு கணக்கில் போகின்றன. மேலே உள்ள கணக்கு கிராமக் கணக்கர் காலத்திலிருந்து எல்லாருக்கும் மனப்பாடம். யார் மடை முதலில் திறக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். கீழே உள்ள கணக்கு ஊரில் ஒருவருக்கும் தெரியாது. என் பார்வையில் உங்கள் போராட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்துக் குத்தாலத்தில் எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் இருக்கிறது. எங்கள் பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் உங்கள் வட்டாரத்து வாயுவும் கொஞ்சம் கலந்துதான் வருகிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்குப் பக்கம். அங்கே பிறந்த ஆடுதுறை 36ஐக் குறுவைக்கு விதைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. விதையும் உங்கள் பக்கத்திலிருந்து, கரண்டும் உங்கள் பக்கத்திலிருந்து. எண்ணெயே வேண்டாம் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. என் வண்டியும் டீசலில்தான் ஓடுகிறது. எடுக்கிறவர்கள் எடுக்கிற இடத்து மனிதனிடம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது வேறு விஷயம்.

2017 எப்படிப்பட்ட வருஷம் என்று டெல்டாவில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காமல் போனது அது தொடர்ந்து ஆறாவது முறை. அந்தக் காய்ச்சலில் வயல் வெடித்துக் கிடந்தபோது, ஜூன் 2 அன்று குழாய் வேலைக்காக உங்கள் ஊருக்குள் போலீஸ் குவிந்தது. ஜூன் 30 அன்று குழாயில் கசிவு; வயலில் எண்ணெய். கலெக்டர் நேரில் வந்து பார்க்கட்டும் என்று நீங்கள் உட்கார்ந்தீர்கள். வைக்கோல் எரிந்தது, தடியடி நடந்தது, பேராசிரியர் த. செயராமன் உட்படப் பத்துப் பேரைக் கைது செய்தார்கள். ஆகஸ்டில்தான் அவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது. மீத்தேனோ ஷேல் வாயுவோ எடுக்கவில்லை, வழக்கமான எண்ணெயும் எரிவாயுவும்தான் என்று, கிணறும் குழாயும் போட்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனம் சொன்னது. இருக்கலாம். வயலில் எண்ணெயைப் பார்த்தவனுக்கு அதன் ரகம் முக்கியமில்லை.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடையை அடைத்தீர்கள். அய்யனார் கோயில் திடலில் போய் உட்கார்ந்தீர்கள், மாதக்கணக்கில். வீட்டு வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பெண்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். பக்கத்துத் தேரழுந்தூரில் பிறந்த கம்பருக்கு, நெற்கதிரால் கூரை வேய்ந்து கொடுத்தவள் என்று நீங்கள் சொல்லும் வனதுர்க்கை உங்கள் ஊரில் இருக்கிறாள். ஆனாலும் கூடி உட்கார்வதற்கு ஊர் எல்லை காக்கிற அய்யனாரிடம்தான் போனீர்கள். சரியான ஆளிடம்தான் போனீர்கள் என்று எங்கள் பெரியப்பா சொன்னார். உங்களுக்காகவும் நெடுவாசலுக்காகவும் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு துண்டறிக்கைக்குக் குண்டர் சட்டம் என்றபோதுதான், அதுவரை கதிராமங்கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கூட உங்கள் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டரை வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எதற்கும் இந்த மண்டலத்தில் புதிதாக ஆய்வோ துளையோ கூடாது என்றது. 'புதிதாக' என்பதைக் கவனித்தீர்களா? ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அந்தச் சட்டம் தொடாது. அதாவது உங்களை. பந்தி பரிமாறியவர்கள் உட்காரும்போது சோறு தீர்ந்துபோன மாதிரி. எங்கள் வடசேரிக்கு எட்டிய பாதுகாப்பு கதிராமங்கலத்துப் பழைய கிணற்று வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம்தான். வழக்குப் போனாலும் குழாய் அங்கேயேதான் இருக்கிறது.

எங்களுக்கு என்ன மிச்சமாயிற்று என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதே 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் கால்வாய்க்காகக் கதிர்விடும் பயிரில் மண்வெட்டும் இயந்திரம் இறங்கியதை டிவியில் பார்த்தோம். எங்கள் வீட்டுப் பெண்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை வேரோடு சாய்த்தது. புயலில் போனால் கன்று வைக்கலாம். வைத்தோம், இப்போது பாளை விடுகிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் போனால் கன்று வைக்க மண் இருக்காது. இந்தத் தோப்பும், தோப்புக்குள் ஊடுபயிரும், கால்வாயில் தண்ணீர் வரும் நாளில் மதகடியில் கூடும் கூட்டமும் மிஞ்சியதில் உங்கள் திடல் நாள்களின் பங்கு இருக்கிறது. அதற்கு நன்றி.

வாயால் மட்டும் நன்றி சொல்வது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. உங்கள் ஊரில் எந்தெந்த வயலுக்கு அடியில் குழாய் போகிறது, போட்டு எத்தனை வருஷம் ஆகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள். கலெக்டரும் நமக்கு ஒருவர்தான், தஞ்சாவூரில். மனுவின் ஒரு பிரதியை எங்கள் பக்கம் அனுப்பினால் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு. திங்கட்கிழமை குறைதீர் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், வேன் பிடித்து வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
வடசேரிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவன்