மடிக்கணினியும் காவற்காரனும்

ஒரு சாமான் பழையதாகிவிட்டதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்கே உரியது. கம்பி ஒடிந்தால் குடை பழையது. வார் அறுந்தால் செருப்புப் பழையது. கம்பி ஒடியாமல் இருக்கும்போதே, குடை செய்தவர் தபால் எழுதி, "ஐயா, இன்ன தேதி முதல் தங்கள் குடை பழையது" என்று அறிவித்தால் நாம் என்ன செய்வோம்? சிரித்துவிட்டு, அதே குடையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டுவிடுவோம். கணினி விஷயத்தில் மட்டும் இந்தச் சிரிப்பு நமக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதைப் பற்றி இந்த வாரம் நேயர்களுடன் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம்.

நமது வீட்டில் 2016-ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. பெயருக்குத்தான் அது வீட்டுக் கணினி. உண்மையில் அது நம் தமக்கையாருடையது. பதிப்பாளர்கள் அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டெழுதிக் கொடுப்பதும், அச்சுப் பிழை திருத்திக் கொடுப்பதும் அவர் தொழில். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் அவருடைய மருந்துச் செலவும், பேரனுடைய பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஒரு பாதியும் நடக்கின்றன. ஆகவே, அந்த யந்திரம் நின்றுபோனால் ஏதோ விளையாட்டுச் சாமான் ஒன்று நின்றுபோனதாக அர்த்தமல்ல.

யந்திரமோ நிற்கவில்லை. திரை தெளிவாக இருக்கிறது. விசைகள் சொன்னபடி கேட்கின்றன. கொஞ்சம் மெதுவாக எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். காலையில் நாமுந்தான் மெதுவாக எழுந்திருக்கிறோம். ஆனால், அதற்குள் இருக்கும் இயங்குதளத்துக்குக் காலம் முடிந்துவிட்டது. ஆபரேட்டிங் ஸிஸ்டம் என்று இங்கிலீஷில் சொல்லுகிறார்களே, அதைத்தான் இயங்குதளம் என்கிறோம். யந்திரம் உடம்பு என்றால், அதை ஆட்டிவைப்பது இது.

மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்தை 2015 ஜூலை 29-ந் தேதி வெளியிட்டார்கள். அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ந் தேதி வந்தது. புதியதைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் கணினிக்குச் சில லட்சணங்கள் வேண்டும். 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை பெரிய காரியமல்ல. நம் வீட்டு யந்திரத்தில் அவை இருக்கின்றன. ஆனால், ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் டிபிஎம் 2.0 என்னும் ஏற்பாடு வேண்டும். அதற்கும் மேலே, கம்பெனியார் தயாரித்திருக்கும் ஜாபிதாவில் கணினியின் செயலி இடம்பெற்றிருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பந்தியில் இலை போடுகிறார்கள். எட்டாம் தலைமுறை கடைக்கு வந்தது 2017-இல். நம்முடையது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு இலவசமாக அளித்துவந்த பராமரிப்போ 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது.

"முடிந்தால் முடியட்டுமே! யந்திரம் ஓடுகிறதல்லவா?" என்று கேட்கலாம். நமது வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. கூடத்து மூலையில் நம் பாட்டியார் காலத்துத் தையல் யந்திரம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர்கள் அதை மறந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இன்றும் அதற்கு ஊசி கடையில் கிடைக்கிறது. எண்ணெய் விட்டால் ஓடுகிறது. அதைப்போல இதையும் வைத்துக்கொண்டால் என்ன?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தையல் யந்திரத்துக்கு வெளியுலகத்தோடு சம்பந்தம் கிடையாது. எந்த ஊர்த் திருடனும் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே நம் தையல் யந்திரத்துக்குள் கையை விட முடியாது. கணினி அப்படியல்ல. வலையோடு இணைத்த நிமிஷத்திலிருந்து உலகத்துத் தெருக்கள் அனைத்துக்கும் அதில் ஒரு வாசல் திறந்துவிடுகிறது. வாசலில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று இரவு பகலாகப் பார்த்து அடைக்க ஆள் வேண்டும். மாதந்தோறும் வந்து இறங்கும் 'அப்டேட்' என்பது அந்த ஆள் செய்யும் வேலைதான். கணினி வாங்கும்போது நாம் ஒரு சாமானை மட்டும் வாங்குவதில்லை. அதோடு ஒரு காவற்காரனையும் சேர்த்து அழைத்து வருகிறோம். 2025 அக்டோபரில் ஓய்வு பெற்றது கணினியல்ல, காவற்காரன்.

காவல் இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்பதை உலகம் ஒரு முறை பார்த்தாயிற்று. 2017 மே 12-ந் தேதி 'வான்னாகிரை' என்ற தீநிரல் கிளம்பி, சில நாட்களுக்குள் 150 தேசங்களுக்குமேல் பரவியது. கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பவும் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப் போடவும் நேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்து அந்த வருஷம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது என்பதுதான். போட்டுக்கொள்ளாத யந்திரங்களே அகப்பட்டுக்கொண்டன. ஆகையால், பாதுகாப்புக்காகவே இந்த நிபந்தனைகள் என்று கம்பெனியார் சொல்லும் காரணத்தை வெறும் வியாபார தந்திரம் என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. சாவிகளைத் தனியே பூட்டி வைப்பது நல்ல ஏற்பாடுதான். என்றாலும், ஓட்டையை அடைப்பது ஒன்று. ஓடுகிற யந்திரத்தை ஜாபிதாவிலிருந்து நீக்குவது வேறொன்று. முன்னதற்கு நன்றி சொல்லுகிறவர் பின்னதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டம் ஏதுமில்லையே?

கேள்வி கேட்கக் காரணமும் இருக்கிறது. இந்த மாறுதலால் சுமார் 24 கோடிக் கணினிகள் மறுவிற்பனைக்கு உதவாமல் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2023 டிசம்பரில் கணக்கிட்டார்கள். இப்படிக் கழித்துக்கட்டும் மின்சாமான்கள் எல்லாம் எங்கே போகின்றன? 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்குள்ளது 22.3 சதவிகிதந்தான். மிச்சத்தில் ஒரு பகுதி எந்த ஊர்ப் புறம்போக்கில், எந்தப் பிள்ளைகளின் மூச்சுக் காற்றில் எரிகிறதோ!

நிற்க. வீட்டு விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் நல்லவன்தான். கணினியைத் திறந்து பார்க்காமலே, "இதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா" என்றான். அவன் சொன்ன விலை தமக்கையாருடைய ஏழு மாத வருமானம். முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நிபந்தனையைத் தாண்டி உள்ளே ஏற்றிவிட ஒரு வழி இருக்கிறது, செய்து தரட்டுமா?" என்று கேட்டான். அப்படி ஏற்றிக்கொண்டவர்களுக்கு அப்டேட் வருமென்று உத்தரவாதமில்லை என்று கம்பெனியார் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். தமக்கையார் அதை எங்கோ படித்திருந்தார். "எதற்காகப் பூட்டு மாற்றுகிறோமோ அதற்கே உத்தரவாதம் இல்லையென்றால், பூட்டு எதற்கு, தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கணினியைப் பைக்குள் வைத்தார்.

வாய்தா வாங்கும் வழி ஒன்றும் இருந்தது. 30 டாலர் கட்டினால், 2026 அக்டோபர் 13 வரை பழைய காவற்காரனே காவல் காப்பான் என்று கம்பெனியார் அறிவித்தார்கள். பிறகு 2025 ஜூன் மாதத்தில், தங்களிடம் கணக்கு வைத்துக் கணினியின் அமைப்புகளைச் சேமித்துக்கொள்ளுகிறவர்களுக்குப் பணம் கட்டாமலே அந்தச் சலுகை உண்டு என்றார்கள். அவசரமாக முடிவு செய்ய முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், வாய்தா வாங்கினால் வழக்குத் தீராது அல்லவா?

தீர்த்துவைத்தது அடுத்த வீட்டுப் பெண். பொறியியல் கல்லூரி மாணவி. "பெரியம்மா, லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமே" என்றாள். 1991-இல் ஹெல்ஸின்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்ததும், பிறகு உலகெங்குமுள்ள பலர் சேர்ந்து வளர்த்ததுமான நிரல் அது. அதன் மேல் கட்டிய இயங்குதளங்கள் அநேகம். நமது சென்னை ஸி-டாக் நிறுவனத்தார்கூடப் 'பாஸ்' என்று ஒன்று செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் கொண்டுவந்தது லினக்ஸ் மின்ட். விலை கிடையாது. ஒரு பென் டிரைவில் வைத்து, உள்ளே இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். தமக்கையார் முதலில் கேட்ட கேள்வி, "தமிழ்99 இருக்கிறதா?" என்பதுதான். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த விசைப்பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கும். அவர் விரல்களுக்கு வேறு முறை தெரியாது. இருக்கிறது என்றாள். திரையில் ஒரு வாக்கியம் அடித்துப் பார்த்தார். பிறகு நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

தேய்ந்த பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்னும் புதிய சேமிப்பகமும், இன்னும் 4 ஜிபி நினைவகமும் போட்டதில் நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. இப்போது யந்திரம் நமக்கு முன்னால் எழுந்துவிடுகிறது.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. பதிப்பாளர்கள் கேட்பது வேர்டு கோப்பு. லிப்ரே ஆபீஸில் செய்து அனுப்பினால் அங்கே பக்கங்கள் இடம் மாறுகின்றன. பழைய எழுத்துருக்களில் செய்த புத்தகங்களை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு, ஒவ்வொரு கொம்பும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று தமக்கையார் இரண்டு இரவுகள் கண் விழித்துப் பார்த்தார். ஒரு பதிப்பாளர் பொறுத்துக்கொண்டார், இன்னொருவர் பொறுக்கவில்லை. அவர் வேலை போயிற்று.

லினக்ஸ்காரர்களும் என்றென்றைக்கும் காவல் காப்பதாகச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. 1985-இல் வந்த இன்டெல் 386 செயலியை 2012 டிசம்பரில் தங்கள் நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 32 பிட் யந்திரங்களுக்கு 2020-இல் வந்த மின்ட் 20 கதவை அடைத்தது. 27 வருஷத்துக்குப் பிறகு விடை கொடுப்பது நியாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. கடையில் புதிதாக வாங்கி ஒன்பது வருஷத்தில் கொடுப்பதுதான் உறுத்துகிறது.

இப்போதிருக்கும் மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை காவல் உண்டு. தமக்கையார் அந்த மாதத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். அதற்குள் 'க' இருக்கும் விசை முழுவதும் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. அந்த விசை கடையில் தனியாகக் கிடைக்குமா என்று அடுத்த வீட்டுப் பெண் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.