மலையேறுமுன்

காட்டு மலையில் நடப்பதற்கு வலிய கால்களே போதும் என்று எண்ணுவோர் பலர். எந்தத் திங்களில் செல்வது, எவ்வழியே ஏறுவது, நீர் எங்கே கிடைக்கும், கதிரவன் மறையுமுன் எங்கே தங்குவது என்னும் வினாக்களுக்கெல்லாம் வீட்டிலேயே விடை காணல் வேண்டும்.

இவற்றுள் தலையாயது பருவம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவுகளில், மாசி பங்குனியில் உயர்ந்த புல்லெல்லாம் காய்ந்து நிற்கும். ஒரு பொறி போதும். சமநிலத்தைவிடச் சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஓடும். தனக்கு மேலுள்ள புல்லைத் தன் வெம்மையாலேயே உலர்த்திக்கொண்டு ஏறும். அதனை முந்தி மேலே ஓடித் தப்புதல் அரிது. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீயில் சிக்கி, மலைநடை சென்றோருள் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் இளைஞர், நடக்க வல்லவர். பருவமே பகையாயிற்று.

வனத்துறையின் இசைவுச் சீட்டை வெறும் தாள் என்று இகழ்வாரும் உளர். எத்தனை பேர், எவ்வழியே சென்றனர் என்பது அச்சீட்டினால் அன்றோ அடிவாரத்தில் தெரியும்? தெரியாவிடின், மீட்க வருவோர் எங்கே தேடுவர்?

மூட்டையைப் பற்றி மிகுதியாகப் பேச வேண்டுவதில்லை. மிகையானவை எவை என்பதைத் தோளே சொல்லிவிடும். உடையில் மட்டும் கருத்து வேண்டும். நைலான் முதலிய ஆடைகள் தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அவ்வாறு உருகுவதில்லை.

தேர்ந்த மலைநடையர், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி, ஊரில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வர். குறித்த நேரத்தில் அவர் வாராராயின், அவ்வொருவர் அன்றே வனத்துறைக்கு அறிவிப்பார்.