கண் சாலையில், கணக்கு நெஞ்சில்

டைம் டிரையல் போட்டியில் துணைக்கு ஆள் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு ஒருவராகக் கிளப்பிவிடுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கக் கூடாது. உனக்கு எதிரி கடிகாரம் மட்டும்தான். 1895இல் இங்கிலாந்தில் பிட்லேக் என்பவர் இப்படி ஒரு போட்டியை நடத்தினார். சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டினால் போலீஸ் கெடுபிடி வந்த காலம் அது. விடியற்காலையில், கறுப்பு உடையில், ஓசைப்படாமல் ஓட்டினார்கள். சென்னையில் ஈ.சி.ஆரில் நாங்கள் பழகுவதும் விடியற்காலையில்தான். வெயிலும் போக்குவரத்தும் எங்களை அந்த நேரத்துக்குத் தள்ளியிருக்கின்றன.

ஓட்டி முடித்து டீக்கடையில் நின்றால் பேச்செல்லாம் இதயத் துடிப்பைப் பற்றியே இருக்கும். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத் துடிப்புமானியைக் கொண்டுவந்தது. இன்று புதிதாகச் சேர்கிறவர்கூட மார்பில் பட்டி கட்டிக்கொண்டுதான் வருகிறார். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சராசரிக் கணக்கு. 45 வயதுக்காரருக்கு 175 என்று காட்டும். அவருடைய உண்மையான உச்சம் 165ஆகவும் இருக்கலாம், 187ஆகவும் இருக்கலாம். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, தனியாக 30 நிமிடம் முழுமூச்சாக ஓட்டுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு உங்கள் உச்சம் அல்ல, நீங்கள் நெடுநேரம் தாங்கக்கூடிய வரம்பு. பெரும்பாலான நாள் அந்த வரம்புக்கு வெகு கீழே, மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் ஓட்ட வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வரம்பை ஒட்டி. நம்மவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. எல்லா நாளும் நடுத்தரக் கடுமையில் ஓட்டி, எதிலும் தேறாமல் களைத்துப்போகிறார்கள்.

துடிப்புமானி காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. கிளம்பிய உடனே கால் எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு ஏற ஓரிரு நிமிடம் ஆகும். எண் குறைவாகத்தான் இருக்கிறது என்று அந்த இடைவெளியில் விரட்டுகிறவர் பாதித் தூரத்திலேயே தளர்ந்துவிடுவார். புழுக்கம் வேறு. சென்னைக் காற்றில் வேர்வை காய்வதில்லை. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது, உடம்பில் நீரும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. மே மாதத்து 160க்கும் டிசம்பர் மாதத்து 160க்கும் உழைப்பு ஒன்றல்ல. எண்ணைப் பார்க்கும்போதே மூச்சு எப்படி இருக்கிறது, தொடை எப்படி எரிகிறது என்பதையும் கவனித்து மனத்தில் பதிய வைக்க வேண்டும். பட்டியைக் கழற்றிய பிறகும் துடிப்பு எவ்வளவு என்று ஏறக்குறையச் சொல்ல முடிந்தால் பயிற்சி பலித்தது என்று நான் கொள்வேன்.

எண்ணைப் பார்க்காமலே துடிப்பை உணர வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் வேகமல்ல, உயிர். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. காற்றில் அதிகம் முட்டுவது சைக்கிள் அல்ல, அவர் உடம்பு. அதனால்தான் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்துகொள்கிறோம். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், அப்படிக் குனிந்து ஓட்டித்தான் 8 வினாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். ஆனால் அந்த நிலையில் பிரேக் கைக்கு எட்டாது. முன்சக்கரத்தில் பாரம் கூடுகிறது, லேசாகத் தோள் அசைந்தாலும் சைக்கிள் ஒதுங்குகிறது. ஆடி மாத மேல்காற்றில் முட்டுக்காடு பாலத்தைக் கடந்தவர்களுக்கு இது தெரியும். வீடும் மரமும் காற்றை மறைத்துக்கொண்டே வந்து, பாலத்தில் ஏறியதும் பக்கவாட்டில் ஒரே அடியாக அடிக்கும். 2019இல் பிரான்ஸில் கிறிஸ் ஃபுரூம் டைம் டிரையல் பாதையைப் பார்வையிட்டபோது, மூக்குச் சிந்த ஒரு கையை எடுத்த நேரத்தில் காற்று முன்சக்கரத்தைத் தள்ளியது. சுவரில் மோதித் தொடை எலும்பு முறிந்தது. நான்கு முறை டூர் வென்றவர் அவர்.

2022 ஜனவரியில் கொலம்பியாவில் ஏகன் பெர்னால் டைம் டிரையல் சைக்கிளில் பயிற்சி செய்தபோது, நின்றுகொண்டிருந்த பேருந்தின் பின்புறம் மோதினார். முதுகெலும்பு உட்பட உடம்பெங்கும் முறிவு. அவர் உயிர் பிழைத்ததே பெரிது. நம் ஈ.சி.ஆரில் நிறுத்தத்தை ஒட்டியும் ஒட்டாமலும் பேருந்துகள் நிற்கின்றன, மாடு குறுக்கே வருகிறது, வளைவுகளில் கடல் மணல் பரவிக் கிடக்கிறது. துடிப்பு வரம்பை நெருங்க நெருங்கத் தலை தானாகக் கவிழும். கண் ஹேண்டில்பாரில் உள்ள சின்னத் திரைக்குப் போகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு வினாடி கீழே பார்த்தால் 11 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம்.

பந்தயத்தில் கையாளும் திறமைக்குச் சோதனை யு-டர்ன். அங்கே வரும்போது மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். திரும்பும் இடத்தைக் காட்ட வைத்திருக்கும் கூம்புக்கு வெகு முன்பே கையை பிரேக்குக்குக் கொண்டுவந்து, நேராக வரும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்பக்க மிதி மேலே, வெளிப்பக்கக் காலில் பாரம், பார்வை கூம்பில் அல்ல, வெளியேறப் போகும் சாலையில். சைக்கிள் பார்வை போகும் பக்கம்தான் போகும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முழுமூச்சு ஓட்டத்துக்கு முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் இன்னொரு வேண்டுகோள்: வாரம் ஒரு நாள் காலி மைதானத்தில் இரண்டு தண்ணீர் பாட்டில்களை நட்டு வைத்து, அவற்றைச் சுற்றி இரு பக்கமும் திரும்பிப் பழகுங்கள். அது கைவந்த பிறகு ஏரோ பாரோடு சாலைக்கு வாருங்கள்.