தாய்க்கோழி வேலை

அடுத்த வாரம் ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சு வருதுங்க. ஒரு நாள் வயசு. நம்ம முதல் ஆர்டர். பொரியறதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள போற மஞ்சக்கரு ரெண்டு நாள் தாங்கும், அதனால வழியில பசி கவலை இல்லை. குளிர்தான் எமன். கருக்களாச்சேரியில மழை புடிச்சா கரண்டும் போகும், கடல்காத்தும் உள்ள வரும்.

அட்டையை வட்டமா வளைச்சாச்சு. மூலை இருந்தா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நசுங்கிடும். கீழே உமி, மேல பேப்பர். எல்இடி சூடு தராதே... குஞ்சுக்கு 2 வாட் கணக்குல குண்டு பல்பு தேடிப் புடிச்சேன். முதல் வாரம் 35 டிகிரி வேணும். கரண்ட் போனா, காத்தோட்டம் விட்டு மண்சட்டியில கரி நெருப்பு. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து.

"தெர்மாமீட்டர் எதுக்குடா? பல்புக்கடியில நெருக்கினா குளிருது, விலகி ஓடினா சுடுது, பரவலா மேஞ்சா சரி"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதைப் பார்க்க ராத்திரி எழுந்திருக்க ஆள் வேணுமே! இனி தாய்க்கோழி வேலை நமக்குத்தான் :-)