குட்டி யானை ஏன் நின்று போகிறது?

பிக்கப் வண்டி என்றதும் அமெரிக்கப் படங்களில் வரும் பெரிய ஃபோர்டு வண்டி சிலருக்கு ஞாபகம் வரலாம். நம்மூர் தெருவில் அந்த வேலையைச் செய்வது டாடா ஏஸ். 2005ல் அறிமுகமானது. இரண்டே சிலிண்டர், 702 சிசி டீசல் இஞ்சின், 16 குதிரைத்திறன். அதாவது நூற்றைம்பது சிசி பைக் ஒன்றின் திறனை விடக் கொஞ்சம்தான் அதிகம்! அதை வைத்துக்கொண்டு 750 கிலோ சுமக்க வேண்டும். தண்ணீர் கேன், கீரைக்கட்டு, பந்தல் சாமான், வீடு மாற்றும்போது பீரோ, கட்டில் என்று எல்லாவற்றையும் இழுப்பதால் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வடக்கே 'சோட்டா ஹாத்தி'. அதுவும் அதே அர்த்தம்தான்.

இந்த வண்டியை வைத்திருப்பவர்களில் நிறைய பேருக்கு இது ஒன்றுதான் வண்டி. அவரே ஓனர், அவரே டிரைவர். வண்டி ஓடினால் வாடகை வரும், நின்றால் வராது. ஆனால் மாதாமாதம் கட்ட வேண்டிய டியூ மட்டும் நிற்காது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிவிட்டு வழியில் நின்றுபோனால் அன்றைய வாடகையோடு தக்காளியும் போச்சு. அதனால் 'வண்டிக்கு என்ன கோளாறு?' என்று கண்டுபிடிப்பது இவர்களுக்கு வயிற்றுப்பாடு.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வண்டி பெரும்பாலும் திடீரென்று நிற்பதில்லை. சத்தம், புகை, வாடை, தரையில் சொட்டும் எண்ணெய் என்று ஏதாவது ஒன்றை முன்கூட்டியே காட்டிவிடும். அதைக் கவனித்து, காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, பிறகு செலவுள்ளதற்குப் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புது பேட்டரி வாங்கி மாட்டிய பிறகுதான் டெர்மினல் லூஸாக இருந்தது தெரியவரும்!

1. செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

'டக டக டக' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணைந்தால் கோளாறு பேட்டரி பக்கம். வெளிச்சம் குறையாமல் இருந்து, சத்தமே வராவிட்டால் செல்ஃப் மோட்டார், அதன் சோலனாய்டு அல்லது சாவி சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை, டைனமோவோ அதன் பெல்ட்டோதான் வேலை செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் அது ஒரே நாளில் இறங்கிவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. டீசல் இஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அதற்கு டீசல் மிகுந்த அழுத்தத்தில் உள்ளே பீய்ச்சப்பட வேண்டும். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அந்த அழுத்தம் கிடைக்காது. காற்று ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கிக்கொள்ளும். இதைத்தான் 'ஏர் லாக்' என்பார்கள். டேங்க் வற்றும் வரை ஓட்டினாலோ, ஃபில்டர் மாற்றும்போது கவனிக்காவிட்டாலோ இது வரும். ஃபில்டர் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி இல்லாமல் சுத்தமாக டீசல் வரும் வரை ஏர் எடுத்து, திருகை இறுக்கினால் வண்டி பிடித்துவிடும். இது தெரியாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் இறங்கிவிடும். ஒன்றாக இருந்த கோளாறு இரண்டாகும்.

2. சூடு ஏறுகிறது

முதல் விதி: கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது யாராவது மூடியைத் திறப்பார்களா? ரேடியேட்டரும் அதே மாதிரிதான். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியே அழுத்தம் போய், எல்லாம் ஆவியாக முகத்தில் அடிக்கும். ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பச்சைத் தண்ணீரைச் சூடான இஞ்சின் மேல் ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடும்.

ஆறிய பிறகு பார்க்க வேண்டிய வரிசை இது:

- கூலண்ட் அளவு குறைந்திருக்கிறதா?
- ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப் எங்காவது ஒழுகிய தடம் இருக்கிறதா?
- ஃபேன் சுற்றுகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கிறதா?
- ரேடியேட்டரின் முன்பக்கம் தூசி, வைக்கோல், பூச்சி அடைத்திருக்கிறதா?
- மேல் ஹோஸ் கொதிக்கும்போது கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருக்கிறதா? அப்படியானால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைப்பு.

அந்த உள் அடைப்புக்கு நம்மூரில் பெரிய காரணம் போர் தண்ணீர். கூலண்டுக்குக் காசு செலவழிக்காமல் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். அவசரத்துக்கு ஊற்றலாம், அதையே வழக்கமாக்கக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, புகை வெள்ளையாக வருகிறது, இஞ்சின் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அங்கேயே நிறுத்திவிட்டு இழுத்துக்கொண்டு போவதுதான் நல்லது. 'பக்கத்து ஊர் வரைக்கும் ஓட்டிடலாம்' என்று நினைத்தால் கேஸ்கட் செலவு இஞ்சின் செலவாகிவிடும்.

3. புகையின் நிறம்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போல, மெக்கானிக் சைலன்சரைப் பார்ப்பார்.

கரும்புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பா என்று முதலில் பாருங்கள். கழற்றித் தட்டிப் பார்க்கக் காசு வேண்டாம். அடுத்தது இன்ஜெக்டர். மேட்டில் ஏறும்போது மட்டும் வந்தால் லோடு அதிகமாக இருக்கலாம்.

நீலப்புகை: இஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு பக்கம் தேய்மானம். உடனே நிற்காது. ஆனால் ஆயில் அளவை அடிக்கடி பார்க்காவிட்டால் ஒருநாள் ஆயில் இல்லாமல் இஞ்சின் பிடித்துவிடும்.

வெள்ளைப்புகை: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பயமில்லை. சூடான பிறகும் வந்தால் எரியாத டீசல், அல்லது மேலே சொன்ன கூலண்ட்.

4. கிளட்ச்

ஆக்சிலேட்டர் கொடுத்தால் இஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை வருகிறது. இது கிளட்ச் வழுக்குவது. ஹேண்ட் பிரேக்கை நன்றாகப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டால் இஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

கேபிளில் ஃப்ரீ பிளே இல்லாமல் இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். எனவே பிளேட் வாங்கும் முன் அதைச் சரிசெய்து பார்க்கலாம். மற்றபடி இந்தக் கோளாறுக்கு முக்கியமான காரணம் டிரைவரின் இடது கால். டிராஃபிக்கில் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம்!

5. பிரேக்

மேலே சொன்ன எதுவும் தவறினால் பணம் போகும். இது தவறினால் உயிர் போகும். அதுவும் வண்டியில் இருப்பவர் உயிர் மட்டுமல்ல.

மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் ஒழுகல் அல்லது மாஸ்டர் சிலிண்டர். பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை அல்லது லைனரில் எண்ணெய் பட்டிருக்கிறது. இந்த மூன்றில் எது வந்தாலும் 'இந்த நடை மட்டும் முடிச்சிட்டு' என்ற பேச்சே கூடாது.

நான்காவது ஒன்று இருக்கிறது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்போது தெரியாது, மலையில்தான் தெரியும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பலா, வாழை, மிளகு ஏற்றிக்கொண்டு குட்டி யானைகள் இறங்குகின்றன. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளஸ் ஒன் இயற்பியல்தான். வண்டியும் அனுமதித்த லோடும் சேர்த்து சுமார் 1,550 கிலோ. 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 1 கோடியே 52 லட்சம் ஜூல். 30 டிகிரியில் உள்ள 50 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர இது போதும்! பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இந்தச் சூட்டில் பெரும்பகுதியை நான்கு சின்னச் சக்கரங்களின் பிரேக்குகள் தாங்க வேண்டும்.

அவை தாங்காது. லைனர் சூடாகிப் பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயிலாக இருந்தால் இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதும் இதே இயற்பியல்தான். சின்ன கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவதும், இஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவதும் இதற்கு நேர் எதிர். அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வேக்கமும் போய், மிதி கல்லாகிவிடும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் டீசலுக்காக யாரும் செய்யக் கூடாத காரியம்.

எல்லாவற்றுக்கும் பின்னால் ஒன்று

சூடு ஏறுவது, கரும்புகை, கிளட்ச் தேய்வது, பிரேக் கருகுவது. இவற்றோடு ஸ்பிரிங் பட்டை ஒடிவது, டயர் வெடிப்பது, வீல் பேரிங் போவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் பின்னால் அடிக்கடி நிற்பது ஓவர்லோடுதான். 750 கிலோ வண்டியில் 1,500 கிலோ ஏற்றினால், மேலே போட்ட கணக்கில் 50 லிட்டர் 75 லிட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் மட்டும் அதே பிரேக்.

டிரைவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இரண்டு நடைக்கான சரக்கை ஒரே நடை வாடகையில் அனுப்பப் பார்க்கும் வியாபாரி இருக்கும் வரை, 'நீ ஏத்தலேன்னா அடுத்த வண்டி ஏத்தும்' என்ற நிலை இருக்கும் வரை அவரும் என்ன செய்வார்? 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. முன்பு இது 2,000 மற்றும் 1,000 ரூபாயாக இருந்தது. சரக்கு வியாபாரியுடையது. பிடிபட்டால் அபராதம் கட்டுவதும், பிடிபடாவிட்டால் பட்டை மாற்றுவதும் பெரும்பாலும் வண்டிக்காரர்.

புது வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு வண்டிகளில் சென்சார்கள் அதிகமாகிவிட்டன. ஏஸ் வண்டியே இப்போது பெட்ரோல், சிஎன்ஜி, பேட்டரி என்று வருகிறது. டேஷ்போர்டில் இஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டித்தான் கோளாறு எண்ணைப் படிக்க முடியும். ஆனால் அந்த எண் எந்தப் பகுதியில் கோளாறு என்பதைத்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. வயர் லூஸாக இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க இன்றும் கண்தான் வேண்டும்.

காலையில் ஐந்து நிமிடம்

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு. வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு. டயரில் காற்று, ஸ்டெப்னியிலும் சேர்த்து. நகர்ந்ததும் முதல் பத்தடியில் ஒரு பிரேக். அவ்வளவுதான்.

கோளாறு வந்துவிட்டால், மெக்கானிக்கிடம் 'வண்டி சரியில்லண்ணே' என்று மட்டும் சொல்லாமல், எப்போது வருகிறது (சூடானதுமா, மேட்டிலா, லோடு இருக்கும்போது மட்டுமா), என்ன சத்தம், என்ன நிறப் புகை, கடைசியாக வண்டியில் எதை மாற்றினோம் என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. வண்டிக்காரருக்கும் தேவையில்லாத பார்ட்ஸ் செலவு மிச்சம். யானையோடு கூடவே இருப்பவன் பாகன்தான். அதற்கு எங்கே வலிக்கிறது என்று வைத்தியரிடம் அவன்தானே சொல்ல வேண்டும்?