பேசாத மரம்

வீணை செய்வோர் பலாமரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பர். எம்மரம் இனிதாக ஒலிக்கின்றதோ அம்மரமே வீணைக்கு உரியதாகும். வயலின் செய்யும் மேலைநாட்டுக் கைவினைஞரும் அவ்வாறே செய்வர். ஆயின், பலகையைத் தட்டும்பொழுது அது ஒலித்தால் வருந்தி, ஒலியாதிருந்தால் மகிழும் தச்சரும் உலகில் உளர். அவர்கள் ஒலிபெருக்கிக்குப் பெட்டி செய்வோர். இசைக்கருவியின் மரம் பாடவேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியின் மரமோ, பிறர் பாடுங்கால் அவைக்கண் அமர்ந்து கேட்கும் நல்லறிஞனைப்போல வாய் திறவாதிருத்தல் வேண்டும். மரத்தை அங்ஙனம் அடக்குவது எளிய செயலன்று.

ஒலிபெருக்கியின் உயிர்நிலை ஒரு காகிதக் கூம்பு. அதன் அடியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று காந்தத்தின் இடைவெளியில் தொங்குகின்றது. சுருளில் மின்னோட்டம் பாயப் பாய, கூம்பு முன்னும் பின்னும் அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. 1925-ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் இருவர் இவ்வமைப்பைத் திருந்திய வடிவில் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். கூம்பும் சுருளும் காந்தமும் சேர்ந்த இவ்வுறுப்பைத் தொழிலறிந்தோர் ‘டிரைவர்’ என்பர்.

இவ்வுறுப்பு தனித்து இயங்கினால் தாழ்ந்த சுரங்கள் காதில் விழா. காரணம் எளிது. கூம்பு முன்னே நகரும்பொழுது முன்புறத்துக் காற்று நெருங்குகின்றது. அதே நொடியில் பின்புறத்துக் காற்று தளர்கின்றது. நெருக்கமும் தளர்ச்சியும் கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து கலந்தால், கடனும் வரவும் ஒத்த கணக்கைப்போல எஞ்சுவது ஒன்றுமில்லை. முன்னொலியையும் பின்னொலியையும் பிரித்து வைக்க இடையே ஒரு தடை வேண்டும். அத்தடைக்காகவே பெட்டி பிறந்தது.

இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் தாழ்ந்த ஒலிக்குப் பெரிய டிரைவரும் உயர்ந்த ஒலிக்குச் சிறிய டிரைவருமாக இரண்டு மூன்று அமைந்திருக்கும். ஒரே கூம்பு எல்லாச் சுரங்களையும் ஒலிக்கவேண்டும் என்று விரும்புவோரும் உளர். பாடகரின் குரல் ஒரே வாயிலிருந்து வருவதுபோல் ஒரே இடத்திலிருந்து வரவேண்டும் என்பது அவர் கொள்கை. இத்தகைய முழுவீச்சு டிரைவரில் ஓர் இடர்ப்பாடு உண்டு. உயர்ந்த சுரங்களுக்கு விரைந்து அதிரும் இலேசான கூம்பு வேண்டும். தாழ்ந்த சுரங்களுக்கோ மிகுந்த காற்றை அசைக்கும் அகன்ற கூம்பு வேண்டும். உள்ளங்கையளவு காகிதம் இரண்டு வேலைகளையும் எங்ஙனம் செய்யும்? அதனால் இயலாத பகுதியைப் பெட்டி செய்யவேண்டும்.

இவ்வழியை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் பால் வாய்ட். இவர் 1901-இல் இலண்டன் மாநகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். கூம்பினுள் மற்றொரு சிறு கூம்பைப் பொருத்தி உயர்ந்த சுரங்களைத் தெளிவாக்கினார். 1930-களில் சுவர்மூலையில் நிறுத்தத்தக்க ஊதுகுழற் பெட்டியை அமைத்து, அறையின் இரு சுவர்களையே குழலின் தொடர்ச்சியாக்கிக் கொண்டார். கூம்பின் பின்னொலியை நீண்ட குழலுக்குள் செலுத்திப் பயன்கொள்ளும் முறையையும் வகுத்தார். 1950-இல் அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் தொடங்கிய பணியை இங்கிலாந்தில் லோதர் நிறுவனத்தார் தொடர்ந்தனர்.

நீண்ட குழல் எதற்கு என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நொடிக்கு 50 முறை அதிரும் தாழ்ந்த சுரத்தின் அலைநீளம் 6.8 மீட்டர். அதில் காற்பங்கு நீளமுள்ள குழல், அதாவது 1.7 மீட்டர்க் குழல், அச்சுரத்துக்குத் துணை நிற்கும். ஆளுயரக் குழலை வீட்டினுள் வைப்பது எவ்வாறு? பெட்டிக்குள் பலகைகளைக் குறுக்கே நிறுத்தி, காற்று செல்லும் வழியை மடித்து மடித்து அமைத்துவிட்டனர். புறத்தே பார்ப்பவர்க்கு அது ஒரு சிறு அலமாரி; அகத்தே பார்ப்பின் கோட்டைக்குள் வளைந்து வளைந்து செல்லும் சுருங்கை வழி.

இக்கலையைப் பணமும் பட்டறையும் உடையார்க்கு மட்டும் உரியதாக விடாமல் எளியோர் கைக்குக் கொணர்ந்தவர் ஜப்பானியராகிய நாகாஒக்கா தெட்சுவோ (1926–2000). அவர் தச்சரல்லர், வானொலி, தொலைக்காட்சிகளுக்கு எழுதி வந்தவர். இசை கேட்கும் ஆர்வத்தால் இத்துறையில் இறங்கி, நூற்றுக்கணக்கான பெட்டி வரைபடங்களை இதழ்களில் வெளியிட்டார். ஜப்பானில் ஒட்டுப்பலகை 910 மில்லிமீட்டர் அகலமும் 1820 மில்லிமீட்டர் நீளமுமாக விற்கப்படுகின்றது. அந்த ஒரு பலகையில் இன்னின்ன துண்டுகளை இன்னின்னவாறு வெட்டினால் வீணாவது மிகக் குறைவு என்று அவர் வரைந்து காட்டினார். வளைவுகளை நீக்கி, பெரும்பாலும் நேர்வெட்டுகளாகவே அமைத்தார். மரக்கடையிலேயே துண்டுகளை அறுத்து வாங்கிவந்து, அலுவலகம் செல்லும் ஒருவர் விடுமுறை நாளில் தம் வீட்டுக் கூடத்தில் ஒட்டி முடிக்கலாம். அவர் வகுத்த பெட்டிகளுள் ஒன்றுக்கு அன்னம் என்று பொருள்படும் ‘ஸ்வான்’ என்பது பெயர். கீழே மடித்த குழலுள்ள உடல். அதன்மேல் மெலிந்து உயர்ந்த கழுத்து. உச்சியில் 10 சென்டிமீட்டர் டிரைவர் பொருந்திய சிறு தலை. நீரையும் பாலையும் பிரிப்பதாகப் புலவர் பாடிய பறவையின் பெயர், முன்னொலியையும் பின்னொலியையும் பிரிக்கும் பெட்டிக்கு வாய்த்தது தற்செயலே எனினும் பொருத்தமாக உள்ளது.

இனி, செய்யும் முறை. விலையுயர்ந்த தேக்குப் பலகையே சிறந்தது எனப் புதியவர் எண்ணுவர். அஃது அத்துணைப் பொருந்துவதன்று. தனிமரப் பலகை மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்கும். ஒரு மயிரிழை வெடிப்புத் தோன்றினும் அதன் வழியே காற்றுச் சீறும். ஒட்டுப்பலகையில் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இழை மாறி அடுக்கப்பட்டிருப்பதால் இந்நெகிழ்ச்சி மிகக் குறைவு. தகடுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதும் காரணம் பற்றியதே: நடுத்தகட்டுக்கு இருபுறமும் சமமாக இருந்தால்தான் பலகை கோணாது. பலகையின் கனத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். பெரிய பலகைகளின் உட்புறத்தில் குறுக்குச் சட்டம் ஒட்டுவர்; அதைச் சரிநடுவில் வையாமல் சற்று ஒதுக்கியே வைப்பர். நடுவில் வைத்தால் இருபாதியும் ஒரே சுருதியில் அதிர்ந்து ஒன்றுக்கொன்று துணைபோகும்.

மரத்தை அடக்கும் வழியில் அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. இங்கிலாந்தில் வார்ப்டேல் நிறுவனத்தைத் தோற்றுவித்த கில்பர்ட் பிரிக்ஸ், இரு பலகைகளுக்கு இடையே மணலை நிரப்பினார். பலகையின் அதிர்வை மணல் உண்டுவிடும். பி.பி.சி. ஆய்வுத்துறையினரோ கனத்தை நாடவில்லை. மெல்லிய ஒட்டுப்பலகையின் உட்புறத்தில் அதிர்வை விழுங்கும் பொருளைப் பதிக்கும் முறையை ஆராய்ந்து 1977-இல் அறிக்கை வெளியிட்டனர். முன்னவர் முறையில் பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும்; பின்னவர் முறையில் ஒருவர் போதும். சுமந்து செல்பவரைக் கேட்டால் எது சிறந்தது என்பதற்கு விடை உடனே கிடைக்கும்.

பசையிட்டு ஒட்டும் நாளே தச்சருக்குச் சோதனை நாள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, சந்து முழுவதும் பசை பரவி வெளியே கசியும்வரை இறுக்கி, ஓரிரவு அசையாமல் விடவேண்டும். மடித்த குழற்பெட்டியை மூடிய பின் உள்ளே உள்ள பிழையைத் திருத்த வழியில்லை. எளிய டிரைவரில் பெட்டியின் குறை ஓரளவு மறைந்துபோகும். உயர்ந்த வகை டிரைவரோ இலேசான கூம்பும், சிலவற்றில் கூம்பினும் அகன்ற காந்தமும் உடையது. மிக நுண்ணிய ஒலியையும் விடாது எழுப்புவது. ஆதலின், தன்னைத் தாங்கும் பெட்டியின் குறையையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து அதனை வாங்கியவர், முதன்முதல் இசைக்கும்பொழுது கை நடுங்க நிற்பதில் வியப்பில்லை.

இசை எழுகின்றது. பாடகியின் குரல் எதிரே அமர்ந்து பாடுவதுபோல் தெளிவாக உள்ளது. ஆனால் தாழ்ந்த சுரம் ஒன்று வரும்போதெல்லாம் குடத்துக்குள் பேசியதுபோன்ற ஓர் எதிரொலி உடன் வருகின்றது. செய்தவர் எழுந்து சென்று பக்கப்பலகையில் விரல்முட்டியால் தட்டுகின்றார்; அது வாய் திறக்கவில்லை. குறை குழலின் தொடக்கத்தில் இருக்கவேண்டும் என்று தெளிகின்றார். டிரைவரின் திருகாணிகளைக் கழற்றி, அவ்வட்டத் துளை வழியே கையை விட்டு, ஒரு பிடி ஆட்டுக்கம்பளியை உட்சுவரில் பரப்புகின்றார். மறுபடியும் பூட்டிக் கேட்கின்றார். எதிரொலி குறைந்துள்ளது, அதனுடன் மத்தளத்தின் முழக்கமும் சற்றுக் குறைந்துவிட்டது. மீண்டும் திருகாணிகளைக் கழற்றுகின்றார். இம்முறை கம்பளியில் பாதியை வெளியே எடுக்கின்றார்.