மில்க் ஹில்லுக்குக் கீழே ஒரு பறப்புப் பாடம்

லண்டனிலிருந்து எம்4 ரோட்டால் மேற்கே போனால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் மார்ல்பரோ வந்துவிடும். அங்கிருந்து தெற்கே சின்ன ரோட்டால் ஏறி இறங்கினால் பியூசி பள்ளத்தாக்கு. வில்ட்ஷயரிலேயே உயரமான மில்க் ஹில் இங்கேதான் இருக்கிறது. உயரம் 295 மீட்டர். அதன் சரிவில் புல்லை அகற்றி, அடியில் இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிய 1812இல் வெட்டிய ஒரு பெரிய குதிரை உருவம் தூரத்திலிருந்தே தெரியும். பிள்ளைகளோடு ஒரு நாள் நடந்து திரிய அருமையான இடம். ஆனால் போன ஜூன் மாதம் நாங்கள் போனது நடக்க இல்லை.

எங்கட மூத்தவனுக்கு 19 வயது. பாராமோட்டர் பழகவேணும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மேலே துணியால் ஆன பாராகிளைடர் இறக்கை, முதுகில் ஒரு சின்ன எஞ்சின், அதற்குப் பின்னால் கூண்டுக்குள் சுழலும் புரொப்பெல்லர். மலை தேவையில்லை. சமதரையில் ஓடியே எழும்பலாம்.

“அம்மா, இங்க இதுக்கு லைசன்ஸே தேவையில்லை” என்றான். விசாரித்தேன், உண்மைதான். பிரித்தானியாவில் காலால் ஓடி எழும்பும் பாராமோட்டருக்குச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டாம். அவனுக்கு அது சந்தோஷம். எனக்கு அதுதான் பயம். கார் ஓட இரண்டு டெஸ்ட் பாஸ் பண்ணினவன், ஆகாயத்துக்கு ஒன்றுமே இல்லாமல் போகலாமாம்.

எங்களோடு இருக்கும் மாமிக்கு விஷயம் தெரிந்ததும், “மேல சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் நாங்கள். இவன் காசு குடுத்து மேல போகப்போறானோ?” என்றா. அவவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

மகன் பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் பாவித்த செட் ஒன்றை வாங்கப் பார்த்து வைத்திருந்தான். வாங்குவதற்கு முதல் ஒரு பயிற்சிப் பள்ளியை நேரில் போய்ப் பார்ப்போம் என்று ஒப்பந்தம் போட்டோம். பி.எச்.பி.ஏ. என்ற பாராகிளைடிங் சங்கத்தில் பதிந்த பள்ளிகளில் படிப்படியான பாடத்திட்டமும், தகுதி பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்றிடம் கேட்டோம். வந்து பார்க்கச் சொன்னார்கள்.

ஆசிரியர் எங்களை நேரே மைதானத்துக்குக் கூட்டிப்போகவில்லை. முதலில் மலைக்கு ஏற்றினார். மேலே நின்று கீழே காட்டிக்காட்டிச் சொன்னதுதான் எனக்கு முதல் பாடம்.

பள்ளத்தாக்கின் நடுவே கெனட்-ஏவன் கால்வாய் போகிறது. படகுகள் நிற்கும், பார்க்க வடிவு. ஆனால் 25 கிலோ எஞ்சினை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்தால், நீந்தத் தெரிந்தவனும் தாழ்ந்துவிடுவான். அதனால் தண்ணீரிலிருந்து விலகியே பறக்கவேண்டும்; பக்கத்தில் போகத்தான் வேண்டுமென்றால், தண்ணீர் பட்டவுடன் தானாக ஊதும் மிதவை எஞ்சினில் பூட்டியிருக்கவேண்டும்.

கால்வாய்க்கு அப்பால் ரயில்பாதை. வயல்களுக்கு மேலே மின்கம்பிகள். கம்பம் தெரியும், கம்பி தெரியாது. கம்பத்தைக் கண்டால் கம்பி இருக்கிறது என்றே எடுக்கவேணும் என்றார். தெற்கே தெரிவது சாலிஸ்பரி சமவெளி, இராணுவம் சுட்டுப் பழகும் இடம். அதற்கு மேலே உள்ள வான்பரப்பு அபாய வலயம். லைசன்ஸ் இல்லாவிட்டாலும் வான்சட்டம் எல்லாருக்கும் பொதுதான். வரைபடம் பார்க்கத் தெரியாமல் மேலே போகக்கூடாது.

கடைசியாக நாங்கள் நின்ற மலையையே காட்டினார். வடக்கிலிருந்து காற்று அடித்தால், அது மலையைத் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் கவிழ்ந்து சுழலும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அதற்குள் போன இறக்கை மடங்கிவிடலாம். நண்பகலில் வெயிலுக்குத் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பும். அதனால் புதிதாகப் பழகுபவர்கள் விடியவும் பின்னேரமும்தான் பறப்பார்கள்.

பின்னேரம் ஏழு மணிக்கு மைதானம். எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோது எனக்கு வயிறு கலங்கியது. மோசமான காயங்கள் பல தரையிலேயே நடக்கின்றன, புரொப்பெல்லரில் கை பட்டு. எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணும்போது அது திடீரென்று முழு வேகம் எடுத்தால் ஆளை இழுத்துவிடும். கூண்டு உறுதியாக, கை உள்ளே போகாத மாதிரி இருக்கவேண்டும். பார்க்கிறவர்கள் புரொப்பெல்லருக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நிற்கக்கூடாது. எழும்பும் முன் ஒவ்வொரு முறையும் கால் பட்டிகள் பூட்டியிருக்கா என்று தொட்டுப் பார்க்கவேண்டும்.

பிறகு மகன் வாங்கப் பார்த்த செட்டைப் பற்றிக் கேட்டோம். ஆசிரியர் “வேண்டாம்” என்று சொல்லவில்லை. திருப்பிக் கேள்வி கேட்டார். இறக்கை எந்த வகுப்பு? ஏ-யிலிருந்து டி வரை இருக்கிறது. பழகுபவருக்கு ஏ, அது தவறைப் பொறுக்கும். என்ன எடைக்குச் செய்தது? 70 கிலோ ஆள், 25 கிலோ எஞ்சின், 10 லீட்டர் பெற்றோல், இறக்கை, உடுப்பு, ஹெல்மெட் எல்லாம் சேர 110 கிலோ தாண்டும். இறக்கையின் எல்லைக்குள் அந்த மொத்தம் வரவேணும். துணியையும் நூல்களையும் கடைசியாக யார் பரிசோதித்தார்கள், தாள் இருக்கா? வெயிலில் கிடந்த துணி பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் காற்றைக் கசியவிடும். ரிசர்வ் பாராசூட் கடைசியாக எப்போது திரும்ப மடித்தது? வழக்கமாக வருஷம் ஒருமுறை மடிக்கவேண்டும்.

ஒன்றுக்கும் மகனிடம் பதில் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. அவன் பேசாமல் போனை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான்.

“எஞ்சின் நின்றால்?” என்று நான் கேட்டேன். இறக்கை விழாது, சறுக்கி இறங்கும் என்றார். அதனால் எந்த நிமிஷமும் எஞ்சின் நிற்கும் என்று நினைத்து, இறங்க ஒரு வெளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரியே பறக்கவேணுமாம். தாழப் பறந்தால் யோசிக்க நேரம் கிடையாது.

வயது வந்த பிள்ளையை “போகாதே” என்று மறிக்க எங்களால் முடியாது. சட்டமும் மறிக்கவில்லை. அப்படியானால் கேட்கவேண்டிய கேள்விகளை வீட்டில்தான் கேட்கவேண்டும், அதற்கு எங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆசை கிளம்பினால், தடுப்பதற்கு முதல் ஒரு நாள் பிள்ளையோடு போய் நின்று பாருங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். பிரான்ஸில் தேர்வும் சான்றிதழும் வேண்டும். அமெரிக்காவில் பிரித்தானியா மாதிரி லைசன்ஸ் வேண்டாம்.

சேர்த்த காசு முதலில் பயிற்சிக்கு, மிச்சம் பிறகு செட்டுக்கு என்று முடிவாகியிருக்கிறது. செப்டெம்பரில் தொடங்குகிறான். முதல் நாட்களில் எஞ்சினே இல்லை. தரையில் நின்று இறக்கையைத் தலைக்கு மேல் பிடித்துப் பழகுவதுதான். அதைச் சொன்னதும் மாமி, “அப்ப அந்த நாட்களுக்கு நானும் வாறன்” என்றா.